ஐந்தாவது கொக்கி

திருமங்கலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் ஒரு தகர ஷெட் வரும். அங்கே தொட்டில் கொக்கி செய்கிறார்கள். உத்தரத்தில் கயிற்றைப் போட்டு, சேலையை மடித்துத் தொட்டில் கட்டுகிறோமே, கயிற்றுக்கும் சேலைக்கும் நடுவே மாட்டுகிற கொக்கி. பிள்ளை கண்ணசந்தால் போதும் என்று ஆட்டுகிறவளுக்கு அந்தக் கொக்கியை நிமிர்ந்து பார்க்க எங்கே நேரம்? அவளுக்காக அதைப் பார்க்கிறவர் ஒருவர் அந்த ஷெட்டில் இருந்தார். பெயர் அழகுமலை. முப்பது வருஷமாக மேஸ்திரி.

கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் மிளகாய்.

கொக்கிக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித்தான் வளைக்க வேண்டும். ஆறிய கம்பியை வளைத்தால் வளைவில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. ஆட்ட ஆட்டக் கொக்கியின் வாய் விரிந்துகொண்டே போகும். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு நூறு கொக்கி. நூறில் ஐந்தை உருவி எடுத்து, ஒவ்வொன்றிலும் முப்பது கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, நூறு ஆட்டு ஆட்ட வேண்டும். ஐந்தில் ஒன்று வாய் விரிந்தாலும் அந்தப் பெட்டி முழுக்க உலைக்குத் திரும்பும்.

ஆட்டுகிறவள் சகாயமேரி. இடது கையில் ஜெபமாலை, வலது கையில் மூட்டை. ஒரு மணியை உருட்டினால் ஓர் ஆட்டு. ஐம்பத்து மூன்று மணி, இரண்டு சுற்று. நூற்றாறு ஆகிவிடும். மேலே உள்ள ஆறு எதற்கு என்று மேஸ்திரி ஒரு தரம் கேட்டார். நூறு முதலாளிக்கு, ஆறு மாதாவுக்கு என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அவள் எண்ணிக்கை ஒரு தடவையும் பிசகியது கிடையாது.

பெட்டி உலைக்குத் திரும்புகிற நாளில் மேஸ்திரியின் வாய் திறக்கும். கேட்டில் நிற்கிற பஸ்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரயில் வருகிறதா, அழகுமலையா என்று கேட் கீப்பரிடம் விசாரிப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இந்த வாயால் ஒரு காரியம் நடந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த கணேசமூர்த்தியை, அவன் பெண்டாட்டி சோற்று வாளியோடு வாசலில் நிற்கும்போதே மேஸ்திரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்தப் பெண் வாளியைக் கீழே வைக்கவில்லை. புருஷன் கையைப் பிடித்தாள், கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். அவன் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்தப் பெண் வாளியைக் கீழே வைக்காமல் நின்ற நிலை அழகுமலையின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. கார்த்திகை முதல் தேதி, மாலை போட்டுக்கொள்ளப் போனார்.

போன இடம் வேறெங்கும் இல்லை. அதே ஷெட்டில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற பிச்சைமணியிடம்தான் போனார். பிச்சைமணிக்கு முப்பத்தைந்து வயது. ஆனால் பன்னிரண்டு வயதில் தகப்பன் பின்னால் மலையேறத் தொடங்கியவர், இருபத்து மூன்று தரம் போய்வந்தவர். ஷெட்டிலிருந்து மலைக்குப் போகிற கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. மற்ற மாதங்களில் மேஸ்திரி அவரை "டேய் பிச்சை" என்று கூப்பிடுவார். கார்த்திகை பிறந்தால் பட்டறையே "குருசாமி" என்று கூப்பிடும்.

அழகுமலை தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரான அவர் காலில் விழுந்து எழுந்தார். மீன், கறி தொடமாட்டேன், செருப்பு போடமாட்டேன், தரையில் படுப்பேன் என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

"நாப்பத்தோரு நாளும் ஒருத்தரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசமாட்டேன் சாமி."

குருசாமி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கோபம் எங்க இருக்கு சாமி?"

"வாயில."

குருசாமி மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

முதல் முப்பது நாள் பட்டறை குளுகுளுவென்று இருந்தது. டீ ஆறிப்போனாலும் மேஸ்திரி "சாமி சரணம்" என்றார். சுத்தியலை யாரோ கால்மேல் போட்டபோதும் "சாமி சரணம்" என்றார். ஷெட்டில் மாலை போட்டவர்கள் ஆறு பேர், அத்தனை பேரும் வெறுங்காலோடு வந்தார்கள். தரையெல்லாம் இரும்புத் தூள். குருசாமி தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, ஒரு பெரிய காந்தத்தில் கயிற்றைக் கட்டித் தரை முழுக்க இழுத்துவிட்டுப் போவார். அதை அவர் சொல்லவில்லை. அழகுமலை ஒருநாள் சீக்கிரம் வந்து பார்த்ததால் தெரியும்.

முதலாளி ஆத்மநாதனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மலைக்குப் போகிற வண்டிக்கு டீசல் மட்டும் போட்டுக் கொடுப்பார். அவர் ஒருநாள் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, மாலையை என்றைக்குக் கழற்றுவீர்கள் என்று மெதுவாக விசாரித்தார். சத்தமே வராத பட்டறையில் உட்கார்ந்திருக்கத் தனக்கு என்னவோ போல இருக்கிறது என்றார். அழகுமலை சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்.

முப்பத்தாறாம் நாள் சாயங்காலம், பதினேழாம் பெட்டி.

கம்பி வளைக்கிறவர் முத்துக்காளை. அவரும் மாலை போட்டவர். மூன்றாம் வருஷம். பஜனையில் அவர் குரலெடுத்தால் கல்லும் கரையும். வேலையில் கொஞ்சம் அவசரக்காரர். பூஜைக்கு நேரமாகிவிட்டால் உலையில் கம்பி சிவக்கும்வரை நிற்கக் கால் தரிக்காது. அன்றைக்குக் குளித்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

மேரி நான்கு கொக்கிகளை ஆட்டி முடித்தாள். ஐந்தாவது கொக்கி முதல் சுற்றைத் தாண்டியது. இரண்டாம் சுற்றில் பத்தாவது மணியில் மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேரி கையை நிறுத்தினாள். கொக்கியின் வாய் விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

ஷெட்டில் எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

முத்துக்காளை தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒண்ணுதான சாமி. நாலு நின்னுச்சே. நம்ம பூஜைக்கு நேரமாச்சு."

அழகுமலைக்கு அடிவயிற்றிலிருந்து ஏறியது. தொண்டைக்குழி வரை வந்தது. அங்கே துளசிமணி இடித்தது. எதிரே நிற்பவர் கழுத்திலும் அதே மணி. சாமியைச் சாமி திட்டலாமா?

திட்டாமல் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அந்த இரண்டும் ஒரே காரியமாகவே இருந்துவிட்டன.

"சாமி சரணம்" என்றார்.

குனிந்து பெட்டியிலிருந்து வேறொரு கொக்கியை எடுத்தார். மேரியிடம் நீட்டினார். அது நூற்றாறு ஆட்டும் நின்றது. பெட்டியை ஒட்டினார்கள், பதினேழு என்று எழுதினார்கள், அடுக்கில் வைத்தார்கள். வாய் விரிந்த கொக்கியை அழகுமலை தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டில் போய் அதை ஆணியில் மாட்டவும் மனசில்லை, எறியவும் மனசில்லை.

வேலை முடிந்ததும் மேரி ஜெபமாலையை முத்தமிட்டுத்தான் பையில் போடுவாள். அன்றைக்கு முத்தமிடாமல் போட்டாள்.

அதோடு போயிற்று அழகுமலையின் அமைதி.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டு வேளை குளித்தவர் நான்கு வேளை குளித்தார். நூற்றெட்டுச் சரணம் சொன்னவர் ஆயிரத்தெட்டுக்கு ஏற்றினார். பாதிச் சரணத்தில் பதினேழு என்று வாய்க்குள் வரும். அவர் பெண்டாட்டி சொர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மலைக்குப் போகிற சாமி மாதிரியா இருக்கிறது, பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற மாப்பிள்ளை மாதிரி அல்லவா இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிரசவம் என்ற சொல் எங்கேயோ போய்க் குத்தியது.

பட்டறையிலும் அப்படித்தான். ஒன்றுமில்லாத வேலைக்குப் பெட்டி அடுக்குப் பக்கம் போவார். நாற்பது பெட்டி. மேலிருந்து எண்ணுவார், கீழிருந்து எண்ணுவார். பதினேழு வந்ததும் கண்ணை அடுத்ததற்கு மாற்றிக்கொள்வார். பெட்டியெல்லாம் நாற்பத்தோராம் நாள் காலையில் லாரியில் ஏறிவிடும். அதே காலையில் இருமுடி கட்டி அவர்களும் கிளம்பிவிடுவார்கள். பெட்டி வடக்கே போகும், அவர் மேற்கே போவார். போய்விட்டால் தீர்ந்தது என்று ஒரு மனசு சொல்லும். எது தீரும் என்று இன்னொரு மனசு கேட்கும்.

முப்பத்தெட்டாம் நாள் ஷெட்டுக்குப் பின்னால் அன்னதானச் சமையல். பெரிய பாத்திரத்தில் பால் பாயசம் கொதி ஏறிக்கொண்டிருந்தது. குருசாமி அகப்பையோடு நின்றார். அழகுமலை பக்கத்தில் போய் நின்றார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"நானும் யாரையும் ஒரு சொல் சொல்லல. கோபம் போயிருச்சுன்னுதான நெனச்சேன். அப்புறம் எதுக்கு சாமி இந்த மனசு இருப்புக் கொள்ள மாட்டேங்குது?"

குருசாமி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

"வாய் நிறைய வச்சுக்கோங்க. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. பாயசம் பொங்கி வந்தா எனக்குச் சொல்லுங்க."

அகப்பையை அவர் கையில் கொடுக்காமல், தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பி விறகை அடுக்கத் தொடங்கினார்.

அழகுமலை கன்னம் இரண்டும் உப்ப நின்றார். பால் நுரை கட்டியது. விளிம்புக்கு ஏறியது. அவர் குருசாமியைப் பார்த்தார். குருசாமி விறகைப் பார்த்தார். அழகுமலை உம் உம் என்றார். கையை ஆட்டினார். காலைத் தரையில் தட்டினார். குருசாமி திரும்பவில்லை. நுரை விளிம்பில் நின்று நடுங்கியது.

"பொங்குது சாமி."

குருசாமி திரும்பி அகப்பையை விட்டுக் கலக்கினார். நுரை அடங்கியது.

"தண்ணி எங்க போச்சு?"

"முழுங்கிட்டேன் சாமி."

"அப்ப உள்ளதான் இருக்கு" என்றார் குருசாமி. அதற்கப்புறம் முந்திரிப்பருப்பு வறுக்கிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அழகுமலைக்கு, தான் கேட்டதற்கு இது பதிலா இல்லையா என்று பிடிபடவில்லை. சொன்னது புரியாவிட்டால் விட்டுவிடலாம். பாதி புரிந்தால்தான் தொல்லை.

நாற்பதாம் நாள் மத்தியானம் மேரியிடம் போனார். அவள் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"நான் எண்ணுறவ, சாமி. நிறுத்துறது நீங்க" என்றாள் மேரி.

டப்பாவை உதறிக் கவிழ்த்தாள். பிறகு கொஞ்சம் தணிந்து, மாலை போட்ட மனுஷரிடம் இதற்குமேல் பேசக்கூடாது, என் மாமியார்கூட உங்கள் மாலைக்கு மரியாதை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். அது கிண்டலா மரியாதையா என்று அவருக்கு விளங்கவில்லை. மேரியின் பேச்சுக் கொக்கி அப்படித்தான், எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாது.

நாற்பத்தோராம் நாள் விடிந்தது.

இருமுடி கட்டுவது ஷெட்டிலேயே. தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். ஐயப்பன் படத்தைச் சிவப்புத் துணி விரித்த ஒரு பீடத்தில் வைத்து மாலை சார்த்தியிருந்தது. வெளியே இந்தப் பக்கம் மலைக்குப் போகிற வேன். அந்தப் பக்கம் கொக்கி ஏற்றுகிற லாரி. குருசாமி விடியும் முன்பே வந்து பெட்டியெல்லாம் ஏற்றி முடித்துவிட்டுக் குளித்திருந்தார். கடைசி ஆளுக்குக் கட்டு முடிகிற நேரமும் லாரிக்காரர் ரசீது வாங்கிக்கொண்டு புறப்படுகிற நேரமும் ஒன்றாக இருந்தது.

அழகுமலை வந்ததும் காலியாகக் கிடந்த அடுக்கைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்து, திரும்பவும் விழுந்தார். மூன்று தரம். நெற்றி பீடத்துத் துணியில் இடித்தது.

ஒவ்வொருவராகக் கட்டினார்கள். முத்துக்காளை சரணம் பாடினார். அந்தக் குரலுக்கு மேரிகூட வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றாள். கடைசியாக அழகுமலை உட்கார்ந்தார். கண்ணைத் துளைத்த தேங்காய்க்குள் நெய்யை ஊற்றினார். இரண்டு சொட்டு வெளியே விழுந்தது. தேங்காய் முன்முடிக்குள் போனது. மூன்று கை அரிசி போட்டார். குருசாமி கயிற்றைச் சுற்றி இறுக்கினார்.

கட்டிய முடி தரையில் படக்கூடாது. மலையில் போய் இறங்கும்வரை தலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையில். அது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அழகுமலை எழுந்து, முடியை வாங்கத் தலையைக் குனிந்தார்.

தலையில் ஒன்றும் வந்து உட்காரவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். குருசாமி முடியோடு ஷெட்டின் நடுவுக்குப் போயிருந்தார். மணல் மூட்டை தொங்குகிற கயிறு அங்கே காலியாக ஆடியது. குருசாமி தன் இடுப்புத் துண்டிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தார். கயிற்றில் மாட்டினார்.

"இது பதினேழாம் பெட்டிக் கொக்கி, சாமி. அஞ்சு நாளா நீங்க எண்ணுறப்ப எல்லாம் தாண்டித் தாண்டிப் போறீங்களே, அந்தப் பெட்டி."

சொல்லிக்கொண்டே முடியை அந்தக் கொக்கியில் தொங்கவிட்டார். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். முத்துக்காளையின் பாட்டு நின்றது.

குருசாமி முடியில் கையை வைத்தார். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, மெதுவாக, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்.

முடி போனது, வந்தது.

மேரியின் கை தன்னையறியாமல் பைக்குள் போய் ஜெபமாலையைத் தொட்டது.

இரண்டு. மூன்று. நான்காவது ஆட்டுக்கு அழகுமலையால் முடியவில்லை. பாய்ந்து போய் முடிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திவிட்டார்.

"கையை எடுங்க சாமி" என்றார் குருசாமி.

"விழுந்துரும் சாமி."

"நீங்க பார்த்து அனுப்பின கொக்கிதான?"

அழகுமலை குருசாமியைப் பார்த்தார். கை மட்டும் கீழேயே இருந்தது. ஏந்தியபடி நின்றால் முடி பாரமே இல்லை, மூன்று நான்கு கிலோதான். ஆனாலும் விரலை அகல விரித்து ஏந்தினார்.

வெளியே லாரி உறுமியது.

அழகுமலை வாசலைப் பார்த்தார். லாரியின் பின்பக்கம் தெரிந்தது. தார்ப்பாய் கட்டியிருந்தது. அது அசைந்தது. கையை எடுத்துவிட்டு ஓடினால் முடி என்ன ஆகும்? ஓடாமல் நின்றால் லாரி கேட்டைத் தாண்டிவிடும். "நீங்க பிடிங்க சாமி" என்று குருசாமியைக் கெஞ்சினார். குருசாமி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். அழகுமலை முத்துக்காளையைப் பார்த்தார். முத்துக்காளை தரையைப் பார்த்தார்.

தார்ப்பாய் இன்னொரு முழம் நகர்ந்தது.

கழுத்தில் மணி இடித்ததா இடிக்கவில்லையா என்று அழகுமலைக்கு நினைவில்லை.

"டேய், நிறுத்துறா லாரிய! பதினேழை இறக்குறா கீழ!"

தகரம் அதிர்ந்தது. நாற்பது நாளாக உள்ளே கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்த குரல். ரயில்வே கேட்டில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரி நின்ற இடத்தில் நின்றது. அறைக்குள் இருந்த முதலாளி எழுந்து வாசலுக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்.

குரல் அதோடும் நிற்கவில்லை. "வளைச்சவரு எங்க? உலையை மூட்டுங்க. நூறையும் காய்ச்சி எடுத்துட்டுத்தான் வண்டி ஏறணும். வேன் நிக்கட்டும்."

முத்துக்காளை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஒரு பேச்சு எதிர்த்துப் பேசாமல் உலைப் பக்கம் நடந்தார்.

லாரிக்காரர் தார்ப்பாயை அவிழ்த்து ஏறினார். உள்ளே பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார்.

முப்பத்தொன்பது பெட்டிதான் இருக்கிறது, பதினேழு என்று எழுதினது ஒன்றுமே இல்லை என்றார்.

அழகுமலை முடியை ஏந்தியபடியே குருசாமியைப் பார்த்தார்.

குருசாமி ஐயப்பன் படத்தின் பக்கம் போனார். பீடத்துச் சிவப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கினார். கீழே அட்டைப் பெட்டி. பக்கத்தில் கறுப்பு மையில் பதினேழு. காலையில் அழகுமலை நெற்றி இடிக்க மூன்று தரம் விழுந்து கும்பிட்ட பெட்டி.

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

குருசாமி திரும்பி வந்தார். முடியைக் கொக்கியிலிருந்து எடுத்தார். கொக்கியின் வாய் விரிந்திருந்ததா, அப்படியே இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அழகுமலையின் கை மட்டும் காற்றை ஏந்திக்கொண்டு இன்னும் கீழேயே நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது.

"பெட்டி இங்கயே இருந்துச்சு. அப்புறம் எதுக்கு சாமி என்னைக் கத்த விட்டீங்க? மாலையோட கத்திட்டேனே. நாப்பது நாள் காத்த விரதம்."

குருசாமி முடியை அவர் தலையில் வைத்தார். சாயாமல் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"தேங்காய்க்கு ரெண்டு கையும் ஓடி வந்துருச்சு சாமி. தொட்டில்ல கிடக்குற பிள்ளைக்கு ஒரு குரலாவது வருதான்னுதான் அஞ்சு நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்."